பத்து வாட் போதும்

கொல்லிமலையில் பழைய குழாய் ஸ்பீக்கர் வைத்திருக்கும் ஒருவர் அதற்கு ஆம்ப் வாங்க மலையிறங்கினால், நாமக்கல்லிலும் சேலத்திலும் அவர் காதில் விழும் யோசனை ஒன்றுதான்: வாட்ஸ் பெரிதாகப் பார்த்து வாங்கு. நூற்றிருபது போதாது, இருநூற்றைம்பது எடு, பின்னால் உதவும். கடைக்காரர் இதைச் சொல்வார், மைக் செட் போடுகிறவர் சொல்வார், கூட வந்த மைத்துனரும் சொல்வார். கையில் ஐயாயிரம் ரூபாய்தான் இருக்கிறது என்றால், இன்னும் கொஞ்சம் புரட்டிக்கொண்டு வா என்பார்கள். பழைய பொருள் சேர்க்கும் ஆர்வலர்களிடம் போனால் வேறொரு யோசனை கிடைக்கும். பழைய ஸ்பீக்கருக்குப் பழைய வால்வு செட்தான் ஜோடி, டிரான்சிஸ்டர் பக்கமே போகாதே என்பார்கள். இரண்டுமே தவறு. முதலாவதைக் கேட்டவர் ஸ்பீக்கரை இழக்கிறார். இரண்டாவதைக் கேட்டவர் பணத்தை இழக்கிறார்.

ஆம்பைத் தேர்ந்தெடுக்க முதலில் தெரிய வேண்டியவை ஸ்பீக்கரின் உணர்திறனும் அதன் ஓம் அளவும். வாட் அதற்குப் பிறகுதான் வருகிறது. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பதே உணர்திறன். கம்பத்தில் கட்டும் குழாய்க்கு அது பெரும்பாலும் 105 டெசிபலை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். ரேடியோகிராமிலிருந்து கழற்றிய எட்டு அங்குலக் காகிதக் கூம்பு ஸ்பீக்கருக்கு 93, 95 என்று வரும். இன்று கடையில் கிடைக்கும் சிறிய அலமாரி ஸ்பீக்கருக்கோ 85-இலிருந்து 88 வரைதான். எண்களைப் பார்த்தால் பெரிய வித்தியாசம் போலத் தெரியாது. ஆனால் 3 டெசிபல் கூடுதலாக வேண்டுமென்றால் வாட்டை இரட்டிப்பாக்க வேண்டும். 10 டெசிபல் வேண்டுமென்றால் பத்து மடங்காக்க வேண்டும், அப்போதுதான் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய இரு மடங்காகப் படும். 85 டெசிபல் ஸ்பீக்கர் நூறு வாட்டில் செய்கிற வேலையை 105 டெசிபல் குழாய் ஒரே ஒரு வாட்டில் செய்துவிடும்.

பழைய ஸ்பீக்கர்களை இப்படிச் செய்ததற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் வாட் விலையுயர்ந்த பொருள். வீட்டு ரேடியோகிராமில் ஒற்றை இஎல்84 வால்வு இருந்தால் ஸ்பீக்கருக்குப் போய்ச் சேர்வது நான்கைந்து வாட். 1954-இல் இங்கிலாந்தின் முல்லார்ட் நிறுவனம் வெளியிட்ட ஆம்ப் வரைபடத்தின் பெயரே ‘5-10’, அதாவது ஐந்து வால்வு, பத்து வாட். இசை ரசிகர்கள் வீட்டில் கட்டிக்கொள்ள அது தாராளம் என்று கருதப்பட்டது. 1953-இல் வந்த குவாட் 2, அன்று உலகின் சிறந்த ஆம்ப்களில் ஒன்று, பதினைந்து வாட் கொடுத்தது. 1930-களில் அமெரிக்காவின் சிறு திரையரங்குகளுக்காக வெஸ்டர்ன் எலக்ட்ரிக் செய்த 91 வகை ஆம்பில் ஒற்றை 300பி வால்வு, சுமார் எட்டு வாட். அதைக் கொண்டே கூம்பு ஸ்பீக்கர்கள் அரங்கு முழுக்க வசனத்தைக் கொண்டுபோயின. பால் கிளிப்ஷ் 1946-இல் சந்தைக்குக் கொண்டுவந்த கிளிப்ஷார்ன், வீட்டு மூலையில் வைக்கும் கூம்பு ஸ்பீக்கர், அதே தத்துவத்தில் பிறந்தது: ஆம்ப் கொஞ்சம் கொடுத்தால் போதும், மிச்சத்தைக் கூம்பு பார்த்துக்கொள்ளும். அந்த ஸ்பீக்கர்களைச் செய்தவர்கள் தங்கள் காலத்து ஆம்பை அறிந்து, அதற்குத் தக்கபடி காகிதத்தையும் காந்தத்தையும் அளவெடுத்தவர்கள். நான்கு வாட்டுக்காகப் பிறந்த காகிதக் கூம்பின் முன்னால் இருநூற்றைம்பது வாட்டைக் கொண்டுவந்து நிறுத்துவது எந்த வகையில் அதற்குச் செய்யும் மரியாதை?

இந்தக் கணக்கை மலைக்கே கொண்டுபோய்ப் பார்க்கலாம். கொல்லிமலையில் ஊர்கள் நெருக்கமாக இல்லை. வயலும் பலாவும் வாழையுமாக நடுவே இடைவெளி விட்டு, மேட்டுக்கு ஒன்று சரிவுக்கு ஒன்றாகக் குடியிருப்புகள். ஆகவே பெரிய வாட்காரர்கள் சொல்லும் வாதம் கேட்கச் சரியாகவே இருக்கும்: அடுத்த மேட்டுக்கும் பாட்டுக் கேட்க வேண்டும், அதற்குப் பெரிய ஆம்ப் வேண்டாமா? 106 டெசிபல் உணர்திறன் உள்ள ஒரு குழாயை எடுத்துக்கொள்வோம். பாட்டின் உச்சங்கள் உடையாமல் பத்து வாட் ஆம்பை ஓட்டினால் சராசரியாகப் போவது ஒரு வாட் அளவுதான். வெட்டவெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும், பத்து மடங்கானால் 20 குறையும். ஒரு மீட்டரில் 106 இருந்தது நூறு மீட்டரில் 66 ஆகும், இருநூறு மீட்டரில் 60 ஆகும். இருவர் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் சத்தமும் 60 டெசிபல் அளவுதான். ஆக, சராசரி ஒரு வாட்டில், இருநூறு மீட்டர் தள்ளி இருக்கும் வீட்டு வாசலில், எதிரில் ஆள் நின்று பேசுவது போல் பாட்டுக் கேட்கிறது. இரவில் பள்ளத்தாக்கில் குளிர்ந்த காற்று கீழே தங்கிவிட்டால் ஒலி மேலே போகாமல் தரையை நோக்கி வளைந்து இன்னும் தூரம் போகும்.

இந்த இடத்தில் 250 வாட் ஆம்பை வைத்தால் கிடைப்பது 14 டெசிபல் கூடுதல். அதற்கு விலை பல மடங்கு. அடுத்த மேடு நிஜமாகவே தேவை என்றால் அந்த மேட்டைப் பார்த்து இன்னொரு குழாயைத் திருப்பி வைப்பதுதான் வழி. குழாய் தான் பார்க்கும் திசையில்தான் முழுதாகப் பேசும். பக்கவாட்டில் இருக்கிறவருக்குச் சத்தம் குறைவாகவும் மந்தமாகவும் போய்ச் சேரும். வாட்டைக் கூட்டினால் நேரே நிற்கிறவர் காது வலிக்குமே தவிர, பக்கத்து ஊருக்குப் பாட்டு தெளியாது.

சட்டத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பழைய குழாய்களின் ஆயுள் இப்போது அதில் தொங்குகிறது. மத்திய அரசின் ஒலி மாசு விதிகள் 2000-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகைக்காக நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசுக்கு உரிமை உண்டு, அதுவும் ஆண்டுக்குப் பதினைந்து நாளுக்கு மேல் முடியாது. பொது இடத்து ஒலிபெருக்கியின் சத்தம் அந்த இடத்தின் எல்லையில், சுற்றுப்புறச் சத்தத்தைவிட 10 டெசிபலுக்கு மேலோ, 75 டெசிபலுக்கு மேலோ போகக் கூடாது, இரண்டில் எது குறைவோ அது. மலையூரின் அமைதியில் சுற்றுப்புறச் சத்தமே மிகக் குறைவு. அங்கே இருநூற்றைம்பது வாட்டுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. தமிழகத்தில் திருவிழா அனுமதிக் கடிதங்களில் கூம்பு வடிவ ஒலிபெருக்கி கூடாது என்று காவல்துறை எழுதுவது வழக்கமாகிவிட்டது. குழாய் என்ற பொருளின் மீது யாருக்கும் பகையில்லை. அளவுக்கு மீறிய ஆம்பை மாட்டி அலறவிட்டதன் விளைவு அது. அம்மன் கோயில் கம்பத்தில் தலைமுறை தலைமுறையாகப் பாடிய ஒரு பொருளைத் தடைப் பட்டியலில் கொண்டுபோய்ச் சேர்த்ததில் பெரிய வாட் மோகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. குழாயை உண்மையாக நேசிக்கிறவர்கள் இதைக் கோபத்தோடு சொல்ல வேண்டும்.

பெரிய வாட்காரர்களின் கையில் இருக்கும் வலுவான வாதம் வேறொன்று. சின்ன ஆம்பைத் திருகினால் அலை உச்சியில் வெட்டுப்பட்டு, ஸ்பீக்கரை எரித்துவிடும், பெரிய ஆம்ப் என்றால் நிதானமாக ஓடும், ஆகவே பெரியதுதான் பாதுகாப்பு என்பார்கள். இதில் பாதி உண்மை. வெட்டுப்பட்ட அலையில் சராசரிச் சக்தி ஏறுவது நிஜம். ஆனால் எவ்வளவு ஏறும்? அலை முழுக்கச் சதுரமாகிவிட்டாலும், இருபது வாட் ஆம்ப் அதிகபட்சம் நாற்பது வாட் தரும், அதற்கு மேல் அதனால் முடியாது. அறுபது வாட் தாங்கும் குழாய் யூனிட்டை அது எரிக்காது. இருநூற்றைம்பது வாட் ஆம்போ வெட்டுப்படாமலே, சுத்தமான அலையிலேயே, அந்த யூனிட்டை நாலு மடங்கு தாண்டும். திருவிழாவில் ஆம்ப் பக்கத்தில் இருப்பது எப்போதும் அனுபவமுள்ள ஆபரேட்டர் இல்லை. ‘இன்னும் கொஞ்சம் வை’ என்று யாரோ ஒருவர் வந்து திருகிவிட்டுப் போவார். அந்தத் திருகலில் எந்த ஆம்ப் எவ்வளவு கொடுத்துவிடும் என்பதுதான் பாதுகாப்புக் கேள்வி. ட்வீட்டர் தனியாக உள்ள பெட்டி ஸ்பீக்கர்களில் வெட்டுப்பட்ட அலை ட்வீட்டரைத் தாக்கும் என்பது சரிதான். அங்கும் உணர்திறன் அதிகமாக இருந்தால் ஆம்ப் அந்த எல்லையைத் தொடவே வேண்டியிருக்காது.

எரிந்த யூனிட்டைத் திறந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. பின்மூடியின் திருகாணிகளைக் கழற்றித் தூக்கினால், வட்டக் காந்தத்தின் நடுவே காகிதம் நுழையும் அளவில் ஒரு பிளவு. அதற்குள் இறங்கி நிற்கும் காயில், அதோடு ஒட்டிய உள்ளங்கை அளவு டயாஃப்ரம், கபில நிறத்தில், விரலால் அழுத்தினால் குழிந்து மீளும் அளவுக்கு மெல்லியது. நல்ல நிலையில் இருக்கும் காயில் செம்பு நிறத்தில் மின்னும். எரிந்ததில் வார்னிஷ் கருகி, சுற்றுகள் பிரிந்து, மூடியைத் திறந்ததுமே கருகல் வாடை மூக்கில் ஏறும். இன்னொரு வகைச் சேதத்தில் காயில் நன்றாகவே இருக்கும், டயாஃப்ரத்தின் விளிம்பில் மட்டும் முடி போன்ற கீறல் இருக்கும். சூட்டினால் வந்த சேதம் இல்லை அது. தாழ்ந்த ஸ்வரத்தால் வந்தது.

குழாய் ஸ்பீக்கர் 250, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேலை செய்யாது. அதற்கு மேல் கூம்பிலுள்ள காற்று டயாஃப்ரத்தைத் தாங்கிப் பிடிக்கும். அதற்குக் கீழே தாங்க ஒன்றுமில்லை, டயாஃப்ரம் வெறுமனே முன்னும் பின்னும் அடித்துக்கொள்ளும். பழைய இசைத்தட்டுப் பாடல்களில் அடிநாதம் குறைவு. இன்றைய பாடல்களில் பாதிச் சக்தி அங்கேதான் இருக்கிறது. செல்போனிலிருந்து புதுப் பாட்டைப் பெரிய ஆம்ப் வழியாகக் குழாய்க்குள் தள்ளினால், காதுக்கு எட்டாத அந்த அடிநாதம் டயாஃப்ரத்தைக் கிழித்துக்கொண்டே இருக்கும். மருந்து மலிவு. 16 ஓம் யூனிட்டோடு 33 மைக்ரோஃபாரட் துருவமற்ற கண்டென்சர் ஒன்றைத் தொடரில் போட்டால் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பது படிப்படியாக வடிந்துவிடும். சில பத்து ரூபாய்ச் சாமான். பெரிய வாட் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள் இந்தக் கண்டென்சர் பற்றி வாய் திறப்பதில்லை.

டிரான்சிஸ்டர் ஆம்ப் பழுதாகும்போது நடப்பதைப் பற்றியும் அவர்கள் பேசுவதில்லை. நேரடி இணைப்புள்ள ஆம்பில் வெளியீட்டு டிரான்சிஸ்டர் ஒன்று ஷார்ட் ஆனால், உள்ளே இருக்கும் நேர்மின்னழுத்தம் முழுவதும் அப்படியே ஸ்பீக்கர் காயிலில் வந்து உட்காரும். எட்டு ஓம் ஸ்பீக்கரின் காயில் மீட்டரில் 6.5 ஓம் காட்டும். நூறு வாட் வகை ஆம்பின் உள்ளே 45 வோல்ட் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், காயிலில் இறங்குவது 311 வாட், இடைவெளியே இல்லாத நேர்மின்சாரமாக. சில விநாடிகளில் கதை முடிந்துவிடும். 12 வோல்ட்டில் ஓடும் சிறிய ஆம்பில் இதே பழுது வந்தால் 22 வாட்தான். சத்தம் நின்றதைக் கவனித்து ஸ்விட்சை அணைக்க நேரம் இருக்கும். மாற்றுக் காகிதக் கூம்பு கிடைக்காத ஒரு ஸ்பீக்கருக்கு இந்த வித்தியாசம் உயிர் வித்தியாசம்.

பெரிய ஆம்ப் வாங்கியும் சத்தம் வரவில்லை என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது ஒயர். இதை யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. கோயில் திண்ணையில் ஆம்ப், நூறு மீட்டர் தள்ளி கம்பத்தில் நான்கு குழாய்கள், நான்கையும் பக்க இணைப்பில் சேர்த்தால் 16 ஓம் யூனிட் நான்கு சேர்ந்து 4 ஓம் ஆகிறது. போகிற ஒயரும் வருகிற ஒயருமாக 200 மீட்டர். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் என்றாலே அதன் தடை 3.5 ஓம் வந்துவிடும். ஆம்ப் கொடுப்பதில் ஏறக்குறைய பாதி ஒயரைச் சூடாக்கவே போய்விடுகிறது. குழாய்களுக்குப் போய்ச் சேரும் ஒலி 5.5 டெசிபல் குறைந்து நிற்கும். நடைமுறையில் கட்டுவது இதைவிட மெல்லிய ஒயர், அப்போது பாதிக்கும் மேலே போகும். ஆபரேட்டர் என்ன செய்வார்? இன்னும் பெரிய ஆம்ப் கேட்பார்.

இதற்கான தீர்வு நம் ரயில் நிலையங்களில் பல்லாண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது: நூறு வோல்ட் லைன். ஆம்பின் பின்புறம் 4, 8, 16 ஓம் முனைகளுக்குப் பக்கத்திலேயே 100 வோல்ட் என்று ஒரு முனை இருக்கும். ஒவ்வொரு குழாயோடும் சிறிய லைன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று. முப்பது வாட் முனையில் இணைத்தால் லைனுக்கு அது 333 ஓமாகத் தெரியும். அதே 3.5 ஓம் ஒயரில் இப்போது வீணாவது நூற்றில் சில பங்குதான். ஆம்ப் கொடுப்பது குழாய்க்கே போய்ச் சேர்வதால் முப்பது, நாற்பது வாட் சிறிய ஆம்பே அந்த நான்கு குழாய்க்கும் போதும். குழாய்க்கு ஐந்தோ பத்தோ வாட் முனையில் இணைத்து, மொத்தக் கூட்டு ஆம்பின் வாட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் சரி. 1940-இல் தொடங்கிய டெல்லி ஆஹுஜா நிறுவனத்தின் ஆம்ப்களில் இந்த முனை நெடுங்காலமாக இருக்கிறது. நம் ஊர் மைக் செட்டுகளில் பலவற்றில் அது இணைப்பு கொடுக்கப்படாமலே கிடக்கிறது.

வாட் என்று பெட்டியில் அச்சிட்ட எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். 1990-களின் டேப் ரெக்கார்டர்களில் பிஎம்பிஓ என்று ஆயிரக்கணக்கில் போட்டு விற்ற பழக்கம் இன்னும் போகவில்லை. ‘இருநூறு வாட்’ என்று எழுதிய குட்டி ஆம்போடு வரும் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தால் 12 வோல்ட், 2 ஆம்பியர் என்றிருக்கும். பெருக்கினால் 24 வாட். உள்ளே போவதே 24 என்றால் வெளியே இருநூறு எங்கிருந்து வரும்? மின்சாரத்தில் நேரடியாக ஓடும் ஆம்பில் பின்னாலிருக்கும் ஃபியூஸ் உண்மையைச் சொல்லும். ஒரு ஆம்பியர் ஃபியூஸ் என்றால் 230 வாட்டுக்கு மேல் அது வெகுநேரம் இழுக்க முடியாது, அதிலும் ஒரு பகுதி சூடாகவே போகும்.

இனி வால்வுக்காரர்களின் கட்சி. இவர்கள் மேல் கோபம் வராது, ஏனென்றால் இவர்கள் பழைய ஒலியை நேசிப்பவர்கள். அவர்களிடம் ஒரு நியாயமான காரணமும் உண்டு. பழைய வால்வு ஆம்ப்களின் வெளியீட்டுத் தடை அதிகம், அதனால் ஸ்பீக்கரின் அடிநாத அசைவை அவை இறுக்கிப் பிடிப்பதில்லை. ரேடியோகிராம் ஸ்பீக்கர்கள் அந்தத் தளர்வை எதிர்பார்த்தே செய்யப்பட்டவை. டிரான்சிஸ்டர் ஆம்ப் காயிலை இறுக்கமாகப் பிடிப்பதால் அதே ஸ்பீக்கர் மெலிந்து, கறாராக ஒலிக்கும். கேட்டவர்கள் இதைப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் இந்தத் தளர்வைப் பெற முப்பதாயிரம் ரூபாய் வால்வு செட் தேவையில்லை. ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே இரண்டு முதல் நான்கு ஓம், பத்து வாட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் போட்டுக் கேட்டுப் பார்க்கலாம். கொஞ்சம் சத்தம் குறையும், அடிநாதம் நிரம்பும். பிடிக்கவில்லை என்றால் கழற்றிவிடலாம். அமெரிக்க ஆம்ப் வடிவமைப்பாளர் நெல்சன் பாஸ், தம்முடைய ‘ஃபர்ஸ்ட் வாட்’ ஆம்ப்களில் இதையே இன்னும் தொலைவுக்கு எடுத்துப்போனார். உணர்திறன் மிகுந்த முழுவீச்சு ஸ்பீக்கர்களுக்கென்று, வெளியீட்டுத் தடை மிக அதிகமான, குறைந்த வாட் ஆம்ப்களை டிரான்சிஸ்டரிலேயே செய்தார்.

வால்வு செட்டின் செலவு வாங்கும் நாளோடு முடிவதில்லை. வெளியீட்டு வால்வு தேய்ந்தால் மாற்ற வேண்டும், அது இப்போது ரஷ்யா, சீனா போன்ற வெளிநாடுகளிலிருந்து வருகிறது. ஐம்பது ஆண்டு பழைய செட் என்றால் காகிதக் கண்டென்சர்கள் ஈரம் குடித்து ஒழுகிக்கொண்டிருக்கும். மழையும் மூடுபனியுமாக இருக்கும் மலையில் அது இன்னும் மோசம். உள்ளே முந்நூறு, நானூறு வோல்ட் நேர்மின்சாரம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் தங்கியிருக்கும், கை வைத்தால் உயிரைக் குடிக்கும். ஸ்பீக்கர் ஒயர் கழன்ற நிலையில் சத்தமாக ஓட்டினால் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும், அதைச் சுற்றித் தர ஆள் தேட வேண்டும். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு, பஸ்ஸின் பின்சீட்டில் கண்ணாடி வால்வுகளோடு ஒரு செட்டை ஏற்றி இறக்குவதன் சிரமம் தனி. தாத்தா வாங்கிய வால்வு செட் வீட்டில் இருந்தால் அதைக் காக்கத்தான் வேண்டும். சீரிஸ் பல்பு போட்டு மெல்ல உயிர்ப்பித்து, கண்டென்சர்களை மாற்றி, தெரிந்த மெக்கானிக் கையால் சரிபார்த்து ஓட்ட வேண்டும். குறைந்த பணத்தோடு புதிதாகத் தேடுகிறவருக்கு அதை யோசனையாகச் சொல்வது நியாயம் இல்லை.

ஓர் இடத்தில் பெரிய வாட்காரர்கள் சொல்வது சரி. பழைய ஸ்பீக்கர்கள் எல்லாமே உணர்திறன் மிகுந்தவை அல்ல. 1954-இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சரின் ஏஆர்-1 வந்ததிலிருந்து, மூடிய சிறு பெட்டிக்குள் ஆழ்ந்த அடிநாதம் தரும் ஸ்பீக்கர்கள் பெருகின. அந்த ஆழத்துக்கு விலையாக அவை உணர்திறனைக் கொடுத்துவிட்டன. 1970-களில் பிபிசி உருவாக்கிய எல்எஸ்3/5ஏ அப்படித்தான், அதன் உணர்திறன் 83 டெசிபலை ஒட்டியது. அப்படி ஒன்று கையில் இருந்தால், 95 டெசிபல் ஸ்பீக்கர் இரண்டு வாட்டில் செய்வதைச் செய்ய 32 வாட் வேண்டும். அங்கே ஐம்பது வாட் ஆம்ப் வாங்குவது ஆடம்பரம் இல்லை. ஆனால் அந்த முடிவும் ஸ்பீக்கரின் எண்ணைப் பார்த்து வந்த முடிவு. செம்மேட்டிலோ சோளக்காட்டிலோ ஒரு வீட்டுப் பரணில் அப்படிப்பட்ட ஸ்பீக்கர் கிடைப்பது அபூர்வம். கிடைப்பது குழாயும், ரேடியோகிராமும், பழைய காகிதக் கூம்பும்தான்.

பழைய ஸ்பீக்கரை ஆம்போடு இணைக்குமுன் மீட்டர் வைத்துப் பார்ப்பதை யாரும் தவிர்க்கக் கூடாது. 16 ஓம் யூனிட் என்றால் மீட்டரில் 12, 13 காட்டும். 8 ஓம் என்றால் 6, 7. ஐரோப்பாவில் ஃபிலிப்ஸ் ஒரு காலத்தில் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வு ரேடியோக்களுக்காக 800 ஓம் ஸ்பீக்கர்களையும் செய்தது. அது தெரியாமல் இன்றைய ஆம்பில் மாட்டினால் சத்தமே எழும்பாது, உடனே ஆம்புக்குச் சக்தி போதவில்லை என்று தீர்ப்பு வரும். போருக்கு முந்தைய ரேடியோக்கள் சிலவற்றில் நிலைக்காந்தமே இருக்காது. காந்தக் காயிலுக்கு ரேடியோவே நேர்மின்சாரம் கொடுக்கும். அந்த ஸ்பீக்கரைத் தனியாகக் கழற்றி எந்த ஆம்பில் மாட்டினாலும் உயிர் வராது. எத்தனை நூறு வாட் வாங்கினாலும் இந்த இரண்டு நோய்க்கும் மருந்து கிடையாது.

அப்படியென்றால் ஐயாயிரத்துக்குள் எதை வாங்குவது? கையிலிருப்பது ஒரு குழாயோ இரண்டோ என்றால், டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3116 சில்லு உள்ள டி-வகுப்புப் பலகை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. 24 வோல்ட் அடாப்டரில் ஓட்டினால் 16 ஓம் யூனிட்டுக்குப் பதினைந்து வாட் அளவில் தரும். 12 வோல்ட் கார் பேட்டரியில் ஓட்டினால் நான்கு வாட்டுக்குச் சற்றுக் குறையும், மின்சாரம் போன நேரத்தில் அது போதும். இந்தப் பலகைகளில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயருமே உயிருள்ளவை. இரண்டு சேனல்களின் எதிர்முனைகளை ஒன்றாக முடிச்சுப் போடுவதோ, குழாயின் இரும்போடு சேர்த்துக் கட்டுவதோ கூடாது. ரேடியோகிராம் ஸ்பீக்கருக்கு எல்எம்1875 அல்லது டிடிஏ2030 சில்லில் கட்டிய பழைய பாணி ஆம்ப் அழகாகப் பொருந்தும், உள்ளூர் மெக்கானிக்கே அசெம்பிள் செய்து தருவார், பழுதானால் அவரே மாற்றித் தருவார். நான்கைந்து குழாய், நீண்ட ஒயர் என்றால் நூறு வோல்ட் முனையுள்ள பழைய முப்பது, நாற்பது வாட் மைக் செட் ஆம்ப் ஒன்றைப் பழைய சாமான் கடையில் தேடலாம்.

சோனோடைன், காஸ்மிக், நார்ஜ் போன்ற நம் நாட்டுப் பழைய ஸ்டீரியோ ஆம்ப்களும் விற்பனைக்கு வருகின்றன. வாங்கலாம், ஆனால் ஸ்பீக்கரை மாட்டுமுன் வெளியீட்டு முனையில் மீட்டரை வைத்து நேர்மின்னழுத்தம் பார்க்க வேண்டும். ஐம்பது மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால், விற்கிறவர் எத்தனை வாட் சொன்னாலும் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். உள்ளே கண்டென்சர்களின் தலை உப்பியிருந்தால் மாற்றும் செலவையும் விலையில் கழித்துப் பேச வேண்டும்.

இப்படி வாங்கினால் ஐயாயிரத்தில் பாதிக்கு மேல் கையில் மிஞ்சும். அதில் யூனிட்டுக்கு உபரி டயாஃப்ரம் இரண்டு வாங்கிவைக்கலாம், கண்டென்சரும் லைன் டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கலாம், மெல்லிய ஒயரைத் தூக்கிப்போட்டுவிட்டு ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் இழுக்கலாம். ஆடிப் பதினெட்டுக்கு முன்னால் குழாயைக் கம்பத்திலிருந்து இறக்கி, யூனிட்டைத் திறந்து, பிளவுக்குள் சேர்ந்த துருத்தூளை ஒட்டும் நாடாவால் ஒற்றியெடுத்து, மழைநீர் இறங்காதபடி வாய் சற்றே கீழ்நோக்கிச் சாய மறுபடி கட்டுவதற்கு ஆளுக்குக் கூலியும் அந்தப் பணத்திலேயே வந்துவிடும்.